பாப்பாவுக்கு இன்னும் ஒன்பது மாதம் ஆகவில்லை

6.2.89, திங்கள்
காலையிலேயே வெயில் சுள்ளென்று. மண்ணரை ஏரியாவில் பனியன் கம்பெனி ஆட்கள் குடியிருக்கும் எந்த ரூமுக்குப் போனாலும் இருமல். குழந்தை மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டுச் சளி எடுக்க வேண்டும், ஐஸ் பெட்டியில் வைத்துக் கோவைக்கு அனுப்ப வேண்டும். எந்த வைரஸ் என்று அங்கே பார்ப்பார்கள். ஆராய்ச்சியில் என் வேலை இவ்வளவுதான். பேர் மட்டும் பெரிய பேர்.

சோப்பு, சீரகம் வாங்க மறந்தாயிற்று.

சாயங்காலம் முத்துலட்சுமி வீடு தேடி வந்தாள். சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. பனியன் கம்பெனியில் செக்கிங். குழந்தைக்கு மூச்சு வாங்கினால் உடனே என் வீட்டுக்கு வா என்று நான்தான் சொல்லி வைத்திருந்தேன். இடுப்பில் ஒரு வயதுப் பையன். காய்ச்சல், இருமல், கண்ணெல்லாம் தண்ணீர்.

"வெறும் சளிதான்க்கா."

மூச்சை எண்ணினேன். பரவாயில்லை. மருந்து எடுத்துக் கொடுப்பதற்குள் என் பாப்பா தவழ்ந்து போய் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து ஒரே சிரிப்பு. ஒரே பாயில் இரண்டும். நானும் சேர்ந்து சிரித்தேன்.

11.2, சனி
குழாயில் இன்றும் தண்ணீர் இல்லை.

முத்துலட்சுமி ரூமுக்குப் போனேன். கதவு சாத்தியிருந்தது. ரொம்ப நேரம் தட்டிய பிறகுதான் திறந்தாள். பையன் தொட்டிலில். முகம், மார்பு எல்லாம் சிவப்புச் சிவப்பாக. துணியை விலக்கினால் அடியில் வேப்பிலை. தட்டம்மை!

அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவார்கள். வெளியாள் உள்ளே வரமாட்டார்கள். இவள் தொட்டிலுக்குள் ஒளித்து வைத்திருக்கிறாள்.

"வாசல்ல செருகுனா, எறங்குத வரைக்கும் வேலைக்கு வராதன்னு சொல்லிருவாகக்கா. எக்ஸ்போர்ட் ஆர்டர் ஓடுது. வேற ஆளப் போட்டுருவாக."

"எங்க ஊட்டுக்கு வந்தப்பவே தெரியுமா?"

"சத்தியமாத் தெரியாதுக்கா. ரெண்டு நாள் கழிச்சுத்தான் மேலெல்லாம் செவந்துச்சு."

"அப்பவாச்சும் எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?"

கத்த வேண்டும் போல ஆத்திரம். பையனுக்கு மூச்சு இரைத்தது. அம்மை கண்டவனை வெளியே எடுக்கக் கூடாது என்று அவள் அழ அழ, நானே தூக்கி ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன்.

அங்கேயே எங்கள் ஆராய்ச்சி டாக்டரம்மாவைப் பிடித்தேன்.

"உன் பாப்பாவுக்குத் தட்டம்மை ஊசி போட்டாச்சாம்மா?"

"இல்லீங்க மேடம். ஒன்பது மாசம் ஆனாத்தானுங்களே போடறோம். எட்டுகூட முடியலீங்க."

"ஒட்டுன மூணு நாளைக்குள்ள தெரிஞ்சிருந்தா, வயசு பத்தலைன்னாலும் பரவாயில்லைன்னு போட்டிருக்கலாம். இப்பப் போட்டும் பிரயோசனமில்ல. பார்த்துக்கிட்டே இரு."

பார்த்துக்கொண்டே இருப்பதாம். பெற்றவளிடம் சொல்கிற பேச்சா இது?

13.2, திங்கள்
மு. பையன் தேறிவிட்டான். இட்லி கேட்கிறானாம். சந்தோஷம்தான். மனசு அதில் ஒட்டவில்லை.

பாப்பா நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். அவளே என் கையைத் தட்டிவிடுகிறாள்.

16.2, வியாழன்
மூக்கு ஒழுகுகிறது. சாதாரணச் சளியாக இருக்கும். இருக்க வேண்டும். எத்தனை பேரிடம் "பயப்படாதீங்க" என்று சொல்லியிருக்கிறேன்! வாய்க்கு என்ன வலி?

அவர் மட்டும் அலட்டிக்கொள்ளவே இல்லை. "ஏனம்மிணி, ஊருல இல்லாத சளியா? புள்ள தும்முனாலே உனக்கு உசிரு போயிருது."

பயமாக இருக்கிறது. வேறென்ன எழுத?

18.2, சனி
காய்ச்சல் கொதிக்கிறது. கண் சிவந்துவிட்டது. வேலைக்கு லீவு.

தட்டம்மை என்றால் மேலே சிவக்கும் முன்பே கன்னத்தின் உள்பக்கம் வெள்ளைப் புள்ளி வரும். எத்தனையோ குழந்தைகளின் வாயைத் திறந்து பார்த்தவள் நான். இவள் வாயைத் திறக்கக் கை வரவில்லை. அவரிடம் டார்ச்சைக் கொடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"கண்ணு, ஆ காட்டு சாமி... ஒண்ணுமில்ல அம்மிணி! பால்தான் ஒட்டியிருக்குது. பொடி உப்பாட்டம் வெள்ள வெள்ளையா. தொடச்சாப் போயிரும்."

ஈரத்துணியால் துடைத்தேன். போகவில்லை.