திரும்பி வரும் டெம்போவில் ஒரு கூட்டம்

அன்புள்ளவளே,

இன்று காலை வில்லியனூர் கோயில் வாசலில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். பூக்காரம்மா ஒரு கட்டு மரிக்கொழுந்தை என் மூக்குக்கு நேரே நீட்டினார். வாங்கவும் தோன்றவில்லை, நகரவும் முடியவில்லை. "வாங்கலன்னா வுடும்மா, அதுக்கு ஏன் கண்ணு கலங்குற?" என்றார். அந்தக் குழப்பத்தில் பஸ்ஸையும் விட்டேன்.

இதே வாசலில் மரிக்கொழுந்து வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு நேரே மாதா கோயில் பூசைக்குப் போகிறவள் நீ ஒருத்திதான். எங்கள் ஊர் மீன் டெம்போவில் ஏறும் நாளில் மட்டும் அது தலையிலிருந்து கைக்கு வந்துவிடும். "மீன் வாசம் எனக்குப் புடிக்கும்டி, சும்மா தொணைக்கு வெச்சிருக்கேன்" என்பாய். பொய் சொல்லத் தெரியாத மூஞ்சி உனக்கு.

நீ நெல் விளைக்கிற வீட்டுப் பெண். நான் தவளக்குப்பத்துக்குக் கிழக்கே கடலோரக் குப்பத்துக்காரி. கல்லூரியில் ஒரே பெஞ்சு, பிறகு ஒரே தொண்டு நிறுவனத்தில் ஒரே மேசை. வெளிநாட்டுக் காலநிலை நிதியிலிருந்து எங்கள் கரைக்குப் பணம் வரப்போகிறது என்று தெரிந்த அன்று நான் துள்ளிக் குதித்தேன். நீயோ திட்டத்தை முழுக்கப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாய்.

கரைக்குக் கல், படகுகளுக்கு என்ஜின், வலை பின்ன ஒரு கூடம், மீன் கெடாமல் இருக்கக் கடற்கரையிலேயே சோலாரில் ஓடும் ஐஸ் அறை. எல்லாம் நல்லதுதான். ஆனால் 'மீனவர்' என்று எழுதியிருந்த இடத்திலெல்லாம் படகில் போகிறவர் மட்டுமே இருந்தார். ஏலத்தில் மீன் எடுத்துப் போய் பாகூர் சந்தையில் வெயிலில் உட்கார்ந்து விற்கிற எங்கள் பெண்கள் எங்குமே இல்லை. வருஷத்துக்கு வருஷம் வெயில் ஏறுகிறது. உச்சிப் பொழுதுக்குள் மீன் குழைந்து போகிறது. கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டு, மிச்சத்தைக் கொட்டிவிட்டு வருவது அவர்கள்தான். அறையைக் கரையில் கட்டினால் பாகூரில் இருப்பவளுக்கு அதனால் என்ன பிரயோஜனம்?

"இந்த ஒரு ரூமு பாகூருக்குப் போவணும்டி. மத்ததெல்லாம் எங்க வேணா இருக்கட்டும்" என்றாய். அன்றிலிருந்து உனக்கு அதே பேச்சு.

பெண்களைக் கேட்டுத்தான் முடிவு செய்தோம் என்று காட்டாவிட்டால் பணம் வராது என்பது அந்த நிதியின் விதி. எங்கள் ஊர்க்கூடத்தில் வீட்டுக்கு ஓர் ஆண் உட்காருவதுதான் வழக்கம். பெண்கள் வெளியே நின்று கேட்கலாம், அவ்வளவுதான். ஊர்த்தலைவர் என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன். நிதிக்காக ஒரு நாள் பெண்களுக்குக் கூடத்தைத் திறந்துவிட்டார். பேனர், டீ, போண்டா என்று அமர்க்களம். கூட்டம் வைத்ததோ வியாபாரம் சூடாக நடக்கும் முற்பகலில். வந்தவர்கள் கைக்குழந்தைக்காரிகளும் புதுப் பெண்களும்தான். உங்களுக்கு என்ன வேண்டும் என்று நீ கேட்டாய். "எனக்கு இன்னாக்கா தெரியும்? எங்க மாமியாரு பாகூர்ல மீன் விக்கிறாங்க, அவங்களத்தான் கேக்கணும்" என்றது ஒரு பெண். போட்டோ மட்டும் ரொம்ப நன்றாக வந்திருந்தது.

நீ போண்டாவைத் தொடவில்லை. அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, அம்மணி கொதிக்கிறாள் என்று. வரும் வழியில் வெடித்தாய். "பாலின சமத்துவம்னு பக்கம் பக்கமா எழுதலாம்டி. மீட்டிங் எந்த நேரத்துலன்னு யோசிக்கலன்னா எல்லாம் வேஸ்ட்டு. நான் வெளிநாட்டு மாநாட்டுக்குப் போனேனே, அங்கயும் பொம்பளைங்க பேசுறத சாப்பாட்டு நேரத்துலதான் வெச்சாங்க. கேக்க வேண்டியவனெல்லாம் பிளேட்டோட வெளிய நிக்கிறான்!"

அடுத்த வாரமே உனக்கு அந்த யோசனை வந்தது. அவர்கள் இருக்கிற இடத்திலேயே கூட்டம், அதாவது டெம்போவில். ஏலம் முடிந்து விடிகிற நேரத்தில் வண்டி கிளம்பியது. இரண்டு பக்கமும் பெண்கள், நடுவில் மீன் நிரம்பிய அன்னக்கூடைகள். நான் முன்னால் டிரைவர் பக்கத்தில். பின்னால் நீ தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தாய். "அம்மா, போன புயல்ல, இந்த வெயில்ல, உங்களுக்கெல்லாம் இன்னா நஷ்டம் ஆச்சு?"

அடி பாவி! போணி ஆகும் முன் எங்கள் பெண்கள் நஷ்டம், அழுகல், கடன் எதையும் வாயால் சொல்ல மாட்டார்கள். அந்த வண்டியில் அபசகுனமாகத் தும்மினாலே முறைப்பார்கள். நீயோ ஒரே கேள்வியில் எல்லாவற்றையும் கொட்டிக் கவிழ்த்தாய்.

தலைவரின் மனைவி அஞ்சலை அண்ணிதான் தகரத்தைத் தட்டி, "வண்டிய நிறுத்துடா!" என்று கத்தினாள். "இன்னும் போணி ஆவல, வாயத் தொறந்ததும் நஷ்டமா? எறங்குடி மவராசி!"

தவளக்குப்பம் கூட்ரோட்டில் கையில் மரிக்கொழுந்தோடு உன்னை இறக்கிவிட்டார்கள். நானும் சிரிப்பில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

"முன்னாடியே சொல்லித் தொலைக்கக் கூடாதா?"

"சொல்லியிருந்தா இந்தக் காட்சி கெடச்சிருக்குமாடி?"

கூட்ரோட்டுக் கடையில் இரண்டு இட்லி உள்ளே போனதும் உன் கோபம் இறங்கியது. மூன்றாவதைப் பிட்டுக்கொண்டே, "போணிக்கு அப்புறம் நஷ்டத்தப் பத்திப் பேசலாம் இல்ல? அப்போ திரும்பி வர்ற வண்டில ஏறுவோம்" என்றாய். உன்னை அந்த இடத்திலேயே கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. சாம்பார் கையாக இருந்ததால் விட்டேன்.

திரும்பி வரும் வண்டி வேறு உலகம். காலிக் கூடைகள், நீட்டிய கால்கள், வெற்றிலை. உன்னைப் பார்த்ததும், "வந்துட்டாடா நஷ்டம்!" என்று சிரித்தார்கள். அந்தப் பெயர் உனக்குக் கடைசி வரை நிலைத்தது. நீ வாயே திறக்கவில்லை, அவர்களாகவே கொட்டினார்கள். நிழல் இல்லை, ஒதுங்க இடம் இல்லை, சொந்தத்தில் ஒரு சாவு என்றால்கூட மீனை விட்டுவிட்டுப் போக வழியில்லை. அறை எங்கே வேண்டும் என்று அவர்களுக்குள்ளேயே ஒரு சண்டை மூண்டு, ஊர் வருவதற்குள் தீர்ந்தும் போனது. அறை பாகூரில், அதற்கு முன்னால் ஒரு நிழல் கொட்டகை, பக்கத்தில் கழிப்பறை, சாவி விற்கிறவர்கள் கையில். "ஆம்பளைங்ககிட்ட சாவி இருந்தா, அவங்க தூங்கி எழுந்து வர்றதுக்குள்ள மீனு கருவாடா ஆயிடும்" என்றாள் அண்ணி.

பிறகு டெல்லியிலிருந்து நிதி அதிகாரி வந்தார். தமிழர்தான். பெண்கள் கூட்டத்தைப் பார்க்க வேண்டும் என்றார். அண்ணன் கரையில் மாலையோடு காத்திருக்க, நீ அவரைப் பாகூரிலேயே டெம்போவில் ஏற்றிவிட்டாய். என்ன துணிச்சல் உனக்கு! இது மட்டும் சொதப்பியிருந்தால் அறை கரைக்கே போயிருக்கும். அவர் ஷூவெல்லாம் மீன் தண்ணீர். அண்ணி ஒரு சாக்கை அவர் காலடியில் தள்ளினாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இதையெல்லாம் ஊர்க்கூட்டத்தில் சொல்லலாமே?" என்றார் அவர்.

"அது எங்க வூட்டுக்காரரு கூட்டம் சார். அங்க நான் நின்னு கேக்கலாம், அவ்ளோதான். இது நான் காசு குடுத்து ஏறுற வண்டி. இங்க நான் பேசுவேன்" என்றாள் அண்ணி.

நீ என் கையை இறுக்கியதில் வளையல் பதிந்து சிவந்துவிட்டது.

கரையில் அண்ணன் மாலையோடு ஓடிவந்தார். "இன்னா சார், இந்த வண்டில வந்துட்டீங்க?"

"கூட்டம் முடிஞ்சுது தலைவரே" என்றார் அதிகாரி, கால்சட்டையிலிருந்து செதிலைத் தட்டிக்கொண்டே.

அண்ணன் அண்ணியைப் பார்த்தார். "நீ இன்னா சொன்ன?"

"ஐஸ் ரூமு பாகூருக்குன்னு சொன்னேன்."

"வூட்டுல எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

"வூட்டுல நீ 'கொழம்பு ஆச்சா'ன்னு மட்டும்தான கேக்குற?"

டிரைவர் உட்பட எல்லாரும் சிரித்தார்கள். மாலையை யாருக்குப் போடுவது என்று தெரியாமல் நின்ற அண்ணனும் கடைசியில் சிரித்துவிட்டார். கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தார். பிறகு, "கல்லும் என்ஜினும் கரைக்கு வருதில்ல, போவட்டும்" என்று இறங்கி வந்தார். நல்ல மனுஷன்தான். கேட்டுப் பழக்கமில்லை, அவ்வளவே.

பாகூரில் சுவர் எழும்பும்போது நீ படுத்துவிட்டாய். ஆஸ்பத்திரிக்கு நான் வரும்போதெல்லாம் உடம்பைப் பற்றி நான் கேட்பேன், நீ அறையைப் பற்றிக் கேட்பாய். திறந்த பிறகு நீ கேட்டது ஒன்றே ஒன்று. "சாவி யாருகிட்டடி?"

"அண்ணி இடுப்புல. ஊரே பாக்குற மாதிரி சொருகிக்கினு திரியிறா."

சிரித்தாய். இருமல் வந்தும் சிரிப்பை நிறுத்தவில்லை. அந்த அறையை நீ பார்க்காமலே போனாய். அதில் எனக்கு இன்னும் உன் மேல் கோபம்தான்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லத்தான் இந்த மடல். உன் அடக்கம் காலைப் பூசை முடிந்து, வியாபாரம் உச்சத்தில் இருக்கிற நேரத்தில். அண்ணிக்குப் போன் செய்து தகவல் மட்டும் சொன்னேன். மீனை விட்டுவிட்டு வர வேண்டாம், சாயங்காலம் உன் வீட்டுக்குப் போய்க்கொள்ளலாம் என்றும் சொன்னேன். அவர்கள் நிலைமை எனக்குத் தெரியாதா?

பெட்டியைக் கோயிலிலிருந்து தூக்கும்போது வாசலில் டெம்போ வந்து நின்றது. அஞ்சலை அண்ணி முதலில் குதித்தாள், பின்னாலேயே அத்தனை பேரும். கையில் செதில் ஒட்டியிருந்தது, சேலையைத் தூக்கிச் சொருகியது சொருகியபடியே இருந்தது. உன் தம்பி, இவர்கள் யார் என்பதுபோல் என்னைப் பார்த்தான். நான் சொல்வதற்குள் அண்ணியே சொன்னாள்.

"மீன அந்த ரூமுல வெச்சிப் பூட்டிட்டு வந்தோம் தம்பி. அப்புறமாப் போயி வித்துக்குவோம். இவதான அத வாங்கிக் குடுத்தா."

உனக்காக நான் ஓவென்று அழுதது அப்போதுதான். ஆனால் அந்த அழுகையில் துக்கத்தைவிடச் சந்தோஷம்தான் அதிகம். சொன்னால் நம்புவாயோ மாட்டாயோ.

இப்போதும் கூட்டங்களுக்குப் போகிறேன். அந்த நிதியால் பெண்களுக்கு என்ன கிடைத்தது என்று யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார். ஒரு நாள் நட்ட நடு வியாபாரத்தில் எங்கள் பெண்கள் எழுந்து, தங்கள் சிநேகிதியை மண்ணில் வைக்க வர முடிந்தது என்பேன். குறிப்பு எடுக்கிறவர்கள் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பார்கள். "இன்னா பாக்குறீங்க? எழுதிக்குங்க" என்று அதட்டுகிறேன். எழுதிக்கொள்கிறார்கள்.