சேற்றில் நின்ற தேர்

இன்று ஆடிப்பூரம். ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதியில் பெண்கள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள், தேர் இழுப்பவர்களின் பாதம் சுடக் கூடாதென்று. கொதிக்கும் தாரில் தண்ணீர் பட்ட அந்த வாடை மூக்கில் ஏறியதும் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வடத்தைத் தொடாமலே பஸ் ஏறி ராஜபாளையம் வந்துவிட்டேன். வந்தும் இருப்புக் கொள்ளாமல்தான் உனக்கு இதை எழுதுகிறேன்.

எண்பதுகளில் நாம் இருவரும் இங்கே ஒரே பள்ளியில் வாத்தியார்கள். நீ கணக்கு, நான் அறிவியல். ஒன்பதாம் வகுப்பில் ஒருநாள் மூன்றாம் விதி நடத்தினேன். எந்த விசைக்கும் அதற்குச் சமமான எதிர்விசை உண்டு என்று முடிப்பதற்குள் ஒரு பெண் எழுந்தாள்.

"நாம தேரை இழுக்கிற அம்புட்டு பலத்தோட தேரும் நம்மள இழுக்குமுன்னா, தேர் எப்படி சார் நகரும்?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல வாயும் வரவில்லை. நாம் கொஞ்சம் கூடுதலாக இழுக்கிறோம், அதனால்தான் என்றேன். நாற்பது பிள்ளைகளும் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்கள். சமாளித்த பெருமையில் உன்னிடம் வந்து சொன்னேன். கூடுதல் என்றால் அப்புறம் சமம் எங்கே இருக்கிறது என்று கேட்டாய். கணக்கு வாத்தியாருக்கு இதில் என்ன வேலை என்று கத்திவிட்டேன்.

மறுநாள் தேர். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் உன் வீட்டில் சாப்பிட்டுவிட்டு இருவரும் வடம் பிடித்தோம். ஒரு திருப்பத்தில் யாரோ அளவுக்கு மீறித் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். தெருமண் சேறாகிக் கிடந்தது. வடம் விறைத்து நின்றது, எல்லோரும் மூச்சைப் பிடித்து இழுத்தோம், கால்கள்தான் வழுக்கின. தேர் அசையவில்லை.

"ஏலே, கையைப் பாக்காத. காலைப் பாரு" என்றாய்.

சாக்கு சாக்காக மணல் கொட்டினார்கள். பாதம் பிடித்தது. தேர் நகர்ந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாம் இழுப்பது தேரை, தேர் இழுப்பது நம்மை. இரண்டும் சமம்தான், ஆனால் ஒரே பொருளின் மேல் விழுவதில்லை. நாம் தரையைப் பின்னால் உதைக்க, தரை நம்மை முன்னால் தள்ளுகிறது. அந்தப் பிடிமானம் இருந்தால்தான் தேரைத் தடுக்கும் உராய்வை மிஞ்சி நாம் இழுக்க முடியும்.

பிள்ளைகளிடம் போய்த் தப்பென்று சொல்லிவிடு என்றாய். தினமும் கேட்டாய், "சொல்லிட்டியாலே?" ஒரு வாரம் சாக்குச் சொன்னேன். பிறகு உன் நச்சரிப்புத் தாங்காமல் சொல்லிவிட்டேன் என்றேன். உனக்குத்தான் எவ்வளவு சந்தோஷம். மறுநாள் எனக்காகப் பால்கோவா வாங்கி வந்தாய். தப்பை ஒத்துக்கொள்கிற வாத்தியாரை இப்போதுதான் பார்க்கிறேன் என்றாய். நானும் வெட்கமில்லாமல் ஒரு விள்ளல் மிச்சம் வைக்காமல் தின்றேன்.

மார்கழியில் உன் நெஞ்சு நின்றுபோனது. உனக்கு முப்பத்து நான்கு வயது.

உன்னைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்த மறுநாள், முதல் பீரியடிலேயே அந்த வகுப்புக்குப் போனேன். நான் சொன்னது தப்பு, நோட்டில் அடித்துவிடுங்கள் என்றேன். போர்டில் தேரை வரைந்தேன், வடத்தை வரைந்தேன், இழுப்பவனின் காலைக் காட்டினேன். அதே பெண் எழுந்தாள்.

"அப்போ காலு வழுக்குனா தேர் நின்னுருமா சார்?"

ஆமாம் என்றேன். நான் அன்றே திருத்தியிருந்தால் ஆடியிலேயே அவள் கேட்டிருக்கக்கூடிய கேள்வி அது. நீ உயிரோடு இருந்து உன் காதால் கேட்டிருக்க வேண்டியது.

ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு வருஷமும் அந்தத் தப்பான பதிலை போர்டில் எழுதி, அதை அடித்துவிட்டுத்தான் மூன்றாம் விதியைத் தொடங்கினேன். பிள்ளைகளிடம் திருத்தியாயிற்று. உன்னிடம் சொன்ன பொய்தான் என்னை இன்னும் ஓரிடத்தில் உட்கார விடவில்லை. நீ கேட்டபோது நான் சொல்லியிருக்கவில்லைலே. நீ போன பிறகுதான் சொன்னேன்.