மூன்றாவது வண்டி இன்னும் ஷெட்டில் நிற்கிறது

உத்தமபாளையம்,
செவ்வாய்க்கிழமை, லுஹர் தொழுகைக்குப் பிறகு.

அன்பு மகன் ஷானவாஸுக்கு அத்தா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் அம்மாவும் உன் தங்கச்சி ருக்சானாவும் அல்லாஹ்வின் கிருபையால் நலமாக இருக்கிறோம், நீ இருக்கிற இடத்தில் நீயும் நலமாக இருக்க துஆ செய்கிறேன். சவூதியில் தம்மாமில் நலமா என்று எப்போதும் கேட்கிறவர் இப்போது நீ இருக்கிற இடத்தில் என்று எழுதுகிறாரே என்று யோசிப்பாய், நன்றாக யோசி. இதைப் போனிலேயே கேட்டிருக்கலாம், ஆனால் போனில் உன்னிடம் ஒன்று கேட்டால் கேட்கலை கேட்கலை என்று கத்திவிட்டு வைத்துவிடுகிறாய், கடிதத்தில் அந்த வசதி கிடையாது. ருக்சானா பி.எட். இரண்டாம் வருஷம் போகிறாள், உன் அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, எனக்கு உடம்பில் ஒன்றும் இல்லை. மனசில்தான் கொஞ்ச நாளாகச் சந்தேகம். எல்லோர் மேலும் சந்தேகம், உன் மேலும் சந்தேகம். உன் அம்மா சொல்கிறாள், உங்களுக்குப் பால்காரன் சிரிச்சாக்கூடச் சந்தேகம்தானே என்று. அவன் ஏன் சிரிக்கிறான் என்று எனக்கு இன்னும் தெரியாதுதான், அது வேறு விஷயம்.

விஜய்ராஜ் என்கிற காண்ட்ராக்டரிலிருந்து ஆரம்பிக்கிறேன். பக்ரீத் முடிந்த வாரம் அனுமந்தன்பட்டி பைபாஸில் இருக்கிற நம் ஷெட்டுக்கு மூன்று வண்டிகளைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். மிலிட்டரியில் கழித்து ஏலம் விட்ட, நாலு சக்கரமும் இழுக்கிற பழைய ஃபோர் வீல் வண்டிகள், இஞ்சின் நல்ல இரும்பு, மற்றதெல்லாம் துரு. மேகமலையில் ரோடு முடிந்து காட்டுப்பாதையில் உள்ளே போனால் லயன் வீடுகள் இருக்கிற ஒரு குடியிருப்பு, அங்கே தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டுகிறார்களாம், சாதாரண லாரி ஏறாதாம், சிமெண்ட், மணல், ஜல்லி, கம்பி, தண்ணீர் எல்லாம் இந்த மூன்று வண்டியில்தான் போகவேண்டுமாம், அதற்குத் தகுந்த மாதிரி மாற்றித் தரவேண்டுமாம். நல்ல காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் மதுரையிலிருந்து வருகிற மனுஷனுக்குத் தேனியில் பட்டறை கண்ணில் படவில்லையா? மேகமலைக்குத் திரும்புகிற சின்னமனூரையே தாண்டி, வழியில் ஒருவரிடமும் விசாரிக்காமல், போர்டுகூட இல்லாத நம் ஷெட்டு வாசலில் வந்து ஏன் நிற்கவேண்டும்? யார் சொல்லி வந்தீங்க என்று கேட்டேன். ஊரே சொல்லுதுங்க என்றார். எந்த ஊர் என்று கேட்டேன், திருதிருவென்று முழித்தார். அப்போதே எனக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

வேலை ஆரம்பித்த பிறகு இன்னும் மோசம். ஸ்பிரிங் பட்டைக்கும் தகரப் பட்டைக்கும் வித்தியாசம் தெரியாத மனுஷன் அவர். பின்னால் எத்தனை பட்டை சேர்க்கலாம், கம்பியைக் கேபின் மேலே ஸ்டாண்டு அடித்துக் கொண்டுபோகலாமா, வண்டி சேற்றில் மாட்டினால் கயிறு சுற்றி இழுக்க முன்னால் வின்ச் எந்த உயரத்தில் வைக்கவேண்டும் என்று நான் எதைக் கேட்டாலும், ஒரு நிமிஷம் இருங்க என்று போனை எடுத்துக்கொண்டு புளியமரத்தடிக்குப் போய்விடுவார், திரும்பி வரும்போது சரியான பதிலோடு வருவார். அதுவும் எப்படிப்பட்ட பதில்! கம்பி ஸ்டாண்டைக் கேபின் நீளத்துக்கு மேல் ஒரு சாண்கூட நீட்டவேண்டாம், கொண்டை ஊசி வளைவில் பாறையில் இடிக்கும் என்று வந்தது. பாடியை அடியில் இருக்கிற சேஸ் சட்டத்தில் வைத்து இறுக்குகிற நாள் வந்தது பார், அன்றைக்குத்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் வாயைத் திறக்குமுன்பே அவர் சொல்கிறார், பின்னால இருக்கிற ரெண்டு போல்ட்டை மட்டும் இறுக்கவேண்டாமாம், அடியில ஸ்பிரிங் வச்சு விடச் சொல்றாக என்று. ஒரு சக்கரம் கல் மேலும் இன்னொரு சக்கரம் பள்ளத்திலும் நிற்கும்போது சேஸ் முறுக்கும், பாடியை எல்லா இடத்திலும் இறுக்கிவிட்டால் எங்காவது ஒரு மூலை கிழிந்துவிடும், அதனால் பின் போல்ட்டில் பாடி கொஞ்சம் எழும்பி உட்கார இடம் விடுவோம். இந்தப் பக்கத்தில் நம் ஷெட்டைத் தவிர ஒருவரும் இதைச் செய்வதில்லை, சோம்பேறித்தனத்துக்கு இறுக்காமல் விடுகிறார் பாய் என்று கேலி பேசுகிறவர்கள்தான் அதிகம். யார் சொல்றாக என்று கேட்டேன். மேல சைட்ல இருக்கிற சூப்பர்வைசர் என்றார். அப்புறம் தட்டுத் தடுமாறி, அத்தா எப்படிச் சொல்றாகளோ அப்படியே செய்யட்டும்னு அவுகளே சொல்லிட்டாக என்று சேர்த்தார். ஊரில் எல்லோருக்கும் நான் பாய். என்னை அத்தா என்று சொல்ல உலகத்தில் இரண்டு பேர்தான் உண்டு, அதில் ஒருத்தி பி.எட். படிக்கிறாள். வெல்டிங் முகமூடிக்குள் நம் வெல்டர் முத்துப்பாண்டி தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்ததை நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.

ஆனாலும் உடனே உன் மேல் சந்தேகம் வரவில்லை, உண்மையைச் சொல்கிறேன். தம்மாமில் இருக்கிற மகனிடம் யோசனை கேட்கிறார் போலிருக்கிறது, ஃபேஸ்புக்கில் பழக்கமாக்கும் என்று நினைத்துக்கொண்டு அவர் மேலேயே கண்ணாக இருந்தேன். பள்ளிக்கூடம் என்று சொல்லிவிட்டு ஏலக்காய் மூட்டையோ வெட்டின மரமோ இறக்கினால் கடைசியில் வண்டியை மாற்றிக் கொடுத்தவன் யார் என்று என்னைத்தானே தேடி வருவார்கள்? அதனால் முதல் வண்டி மலைக்குப் போய்விட்டு ஆயில் மாற்ற வந்தபோது பாடியை மூலைமுடுக்கெல்லாம் துழாவினேன், சிமெண்டும் ஜல்லித் தூளும் கம்பித் துருவும் தவிர ஒன்றும் இல்லை. மனசு கேட்கவில்லை, அடிவாரச் செக்போஸ்ட்டில் தெரிந்தவரிடம் அந்த வண்டிகளைக் கொஞ்சம் நல்லாப் பாருங்க என்று ஒரு வார்த்தை போட்டு வைத்தேன். அவர் நல்லாவே பார்த்துவிட்டார். இரண்டாவது வண்டி அரைநாள் மழையில் நின்றது.

அதை ஓட்டிப்போனவர் பேச்சிமுத்து. நம் ஷெட்டு வழக்கம் உனக்குத் தெரியும், எந்த வண்டியாக இருந்தாலும் அதை ஓட்டப்போகிறவர் இங்கே வந்து, லோடு ஏற்றி, என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து ஏற்ற இறக்கத்தில் ட்ரையல் ஓட்டிக் காட்டினால்தான் சாவி கைக்குப் போகும். அப்படி ட்ரையல் ஓட்டினவர்தான் அவர், நல்ல கை, கியரை அடிக்காமல் போடுகிறார். செக்போஸ்ட் விஷயம் தெரிந்து நேராக ஷெட்டுக்கு வந்து சண்டை பிடித்தார். ஏன் பாய் இப்படிப் பண்றீக, அங்கன மழையில நனைஞ்சுக்கிட்டே சூப்பர்வைசர் எங்களுக்காகப் பாதையில வந்து நின்னாக, வண்டி வந்ததும் சாப்பிடக்கூடப் போகலை, சுத்தியல எடுத்து ஒவ்வொரு போல்ட்டாத் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டாக, உங்களை மாதிரியேதான், நாக்கைக்கூட உங்களை மாதிரியேதான் கடிச்சுக்கிறாக என்றார். சொல்லிவிட்டுத்தான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஓடிப்போனார். டீ வேண்டாம் என்று பேச்சிமுத்து சொல்லி நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

அதற்கப்புறம் பழசையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். மூன்று மாதமாக உன் முகத்தைப் போனில் காட்டவில்லை, கம்பெனியில் கேமராவுக்குத் தடை என்றாய். நல்லது. போனில் உன் குரலுக்குப் பின்னால் தவளை கத்துகிறதே, அந்தக் கம்பெனிக்குள் அதற்கும் தடை போடச் சொல். பாலைவனத்தில் இருக்கிறவனுக்கு ஓயாத தும்மல், ஏ.சி. குளிர் என்றாய். உன்னோடு ஒரே சைட்டில் இருந்த கோம்பை அஷ்ரப் ஊருக்கு வந்திருக்கிறான், பள்ளிவாசலில் பிடித்துக் கேட்டேன், கம்பெனியையே மூடிட்டாக மாமா, எங்களை எல்லாம் அனுப்பிட்டாக என்றான். அப்படியானால் ஷானவாஸ் எங்கே என்றேன். போனைக் காதில் வைத்துக்கொண்டு ஹலோ ஹலோ என்று நகர்ந்துவிட்டான். போன் அடிக்கவே இல்லை. கடைசியாக உன் அம்மா. பிள்ளை சாப்பிட்டானோ இல்லையோ என்று நாளைக்கு நாலு தரம் கண்ணைத் துடைத்தவள் கொஞ்ச நாளாகக் கண்ணைத் துடைப்பதே இல்லை, பாட்டு முணுமுணுக்கிறாள். பாவம் மலையில கிடக்கிற வேலைக்காரங்க என்று பேச்சிமுத்து கையில் வாரம் தவறாமல் தூக்குச்சட்டி போகிறது. போன வாரம் அந்தத் தூக்குச்சட்டி பையைத் தற்செயலாகத் திறந்து பார்த்தேன், தற்செயலாகத்தான். நெய்ச்சோறு, கறி, அதற்கு அடியில் ஒரு பொட்டலத்தில் புகையிலைத் தூளும் உப்பும். எதற்கு என்றேன். அட்டை கடிக்குதாம்ல, காலில் தடவிக்கிட்டா அண்டாது என்றாள். யாருக்குக் கடிக்கிறது என்று கேட்டதும் அடுப்பில் பால் பொங்குகிறது என்று எழுந்து போனாள். அடுப்பில் பாலே இல்லை. எனக்கு மட்டும்தான் இந்த வீட்டில் காதில் பூ சுற்றியிருக்கிறீர்கள்.

இப்போது மூன்றாவது வண்டிக்கு வருகிறேன். வேலை முடிந்துவிட்டது. பிரேக் முழுதும் புதுசு, பட்டை சேர்த்தாயிற்று, தண்ணீர் டேங்க் ஆடாமல் இருக்க உள்ளே தடுப்பு வைத்திருக்கிறேன், பின் போல்ட்டுக்கு ஸ்பிரிங் நானே என் கையால் போட்டேன். விஜய்ராஜ் நேற்று வந்து வண்டியைக் கொடுங்க என்றார். ஓட்டுகிறவர் வரட்டும் என்றேன். அவுக சைட்டை விட்டு இறங்க முடியாதுங்க, வியாழக்கிழமை கூரை காங்கிரீட், மழை விட்டிருக்கும்போதே போட்டு முடிக்கணும், மூணு வண்டியும் மாறிமாறி ஓடினாத்தான் நடுவில நிறுத்தாமப் போடமுடியும், இந்த வண்டியை சூப்பர்வைசரே ஓட்டுவாக, அவுகளுக்கு ட்ரையல் எல்லாம் வேண்டியதில்லைங்க என்றார். எனக்கு வந்த கோபத்தில் கையில் இருந்த ஸ்பேனர் எங்கே போய் விழுந்தது என்று தெரியவில்லை. யாருக்கு வேண்டியதில்லை? முன்னே பின்னே தெரியாதவனுக்கே பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துத்தானே சாவி கொடுக்கிறேன். டேங்க் நிறையத் தண்ணீரோடு, அந்தப் பாதையில், ஒரு பக்கம் கிடுகிடு பள்ளம், நீ ஓட்டி நான் ஒரு தரம்கூடப் பக்கத்தில் இருந்து பார்க்காத வண்டியில் நீ போவாய், நான் இங்கே உட்கார்ந்து பேரீச்சம்பழம் தின்றுகொண்டிருப்பேனா? வண்டி போகாது என்று சொல்லிவிட்டேன். பிள்ளைகளுக்கான கட்டடம், மழை வந்து கெட்டால் பாவம் என் தலையில்தான், தெரியும். தெரிந்துதான் சாவியை என் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். ஓட்டுகிறவன் வந்து உட்காரட்டும்.

மேலே எழுதினதையெல்லாம் படித்துவிட்டு அத்தா கோபத்தில் குதிக்கிறார் என்று நினைக்காதே. கம்பெனி மூடினது உன் குற்றமா? வெளிநாட்டிலிருந்து பெட்டியோடு வந்து இறங்காமல் வெறுங்கையோடு வந்தால் நான் முகம் சுளிப்பேன் என்று யார் உனக்குச் சொன்னது? நீ இந்தக் கிரீஸில் நிற்கக்கூடாது என்றுதான் அனுப்பினேன், நீயோ சேற்றில் போய் நின்றுகொண்டு என் ஷெட்டுக்கு வேலையும் அனுப்புகிறாய். அதுவும் பிச்சை போடுகிற மாதிரி இல்லை, குறை சொல்ல முடியாத வேலை, ஒவ்வொரு பதிலும் நான் சொல்லியிருக்கக்கூடிய பதில். புளியமரத்தடியிலிருந்து அவர் திரும்பி வரும்போதெல்லாம் இன்றைக்கு என்ன சொல்லி அனுப்பியிருக்கிறானோ என்று எனக்குள் ஒரு ஆசை இருந்தது, அது யார் என்று தெரியாமலே. ஆனால் ஒன்று சொல்கிறேன் மகனே, இது மட்டும் ஆறவில்லை. உன் அம்மா உன்னைப் பார்த்துவிட்டாள், ருக்சானா பார்த்துவிட்டாள், முத்துப்பாண்டிக்குத் தெரியும், பேச்சிமுத்து தினமும் பார்க்கிறார், அஷ்ரப் உன்னோடுதான் விமானத்தில் வந்திருக்கிறான். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு நான் பள்ளிவாசலுக்குப் போன பிறகு சமையல்கட்டு வழியாக வந்து சாப்பிட்டுவிட்டுப் போனது பூனை இல்லை, பூனை தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைக்காது. ஷானவாஸ் வந்திருக்கிறான் என்று தெரிந்தும் இந்த ஊரில் உன்னைப் பார்க்காத ஒரே ஆள் நான்தான்.

இறங்கும்போது செகண்ட் கியரிலேயே இறங்கு, டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் விடாதே. கம்பி லோடு மேலே ஆட்களை உட்கார விடாதே, கெஞ்சினாலும் விடாதே. தலையில் எண்ணெய் வை, தும்மலுக்கு மிளகுக் கஷாயம் குடி. எங்கே இருந்தாலும் தொழுகையை விடாதே. நீ கட்டுகிற கூரைக்குக் கீழே படிக்கிற பிள்ளைகளின் துஆ உனக்குக் கிடைக்கட்டும், அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல உடம்பும் தரட்டும். இந்தக் கடிதத்தில் தம்மாம் விலாசம் எழுதவில்லை, ஸ்டாம்பும் ஒட்டவில்லை, பேச்சிமுத்து கையில் கொடுக்கிறேன். டீ கொடுத்துத்தான் கொடுக்கிறேன், இந்தத் தடவை குடிக்காமல் ஓடமுடியாது. நாளைக்கு ஷெட்டைப் பூட்டிவிட்டு வண்டியை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து நிறுத்திவைக்கிறேன். மறக்காமல் லைசென்ஸை எடுத்துக்கொண்டு வா. உன் அம்மா பழக்கத்தில் பின்கதவைத் திறந்து வைத்திருப்பாள், அந்தப் பக்கம் போகாதே. முன்வாசல் வழியாக வா.

உன் வரவை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும்,
உன் அத்தா
ஷேக் மைதீன்