பதினேழாம் போர்ட்டில் என் முகவரி

மார்ச் 4, செவ்வாய்

காலையில் மூன்றாம் மாடி நெட்வொர்க் சுவிட்சின் பட்டியலைப் பார்த்தேன். எந்த மெஷின் எந்த போர்ட்டிலிருந்து, அதாவது வயர் செருகும் எந்தத் துளையிலிருந்து, பேசுகிறது என்று சுவிட்ச் தானே கேட்டுக் கேட்டு எழுதிவைக்கும் பட்டியல். பதினேழாம் போர்ட்டில் என் லேப்டாப்பின் முகவரி, அதற்கே உரிய அந்த எண்! நான் உட்கார்ந்திருப்பதோ முதல் மாடி. பதினேழு, தம்பியின் மேசை.

தம்பி என்றால் கூடப் பிறந்தவன் இல்லை. என்னோடு நெட்வொர்க் பார்ப்பவன். "அக்கா, அக்கா" என்று வாய் நிறையக் கூப்பிடுவான், நானும் தம்பி என்பேன். நேற்று மீட்டிங் முடிந்ததும் என் வயர்களையெல்லாம் அவனே சுருட்டிக் கையில் கொடுத்தான். எதற்கு இவ்வளவு பாசம்?

மார்ச் 5, புதன்

பட்டியலில் அந்த வரியை அழித்துப் பார்த்தேன். கண் மூடித் திறப்பதற்குள் திரும்ப வந்துவிட்டது. அதே பதினேழு.

என் முகவரியைத் தன் மெஷினுக்குப் போட்டுக்கொண்டு ஏதோ செய்கிறான். செய்வது அவன், பதிவாவது என் பெயரில். அதுவும் எப்போது? அடுத்த மாதம் குழுத் தலைவர் பதவி நானா அவனா என்று இருக்கிற நேரத்தில்.

வீட்டில் இவரிடம் சொன்னேன். "நேரா அவன்கிட்டயே கேட்டுடேன்" என்றார். கேட்டால் உஷாராகிவிட மாட்டானா? இவருக்கு ஊரில் எல்லாரும் நல்லவர்கள்.

மார்ச் 6, வியாழன்

மேலே போய் நின்றேன். "வாங்கக்கா, என்ன திடீர்னு?" என்று சிரித்தான். கண் மட்டும் ஸ்கிரீனுக்குப் போய் வந்தது — நான் பார்த்தேனே.

மதியம் லேப்டாப்பைக் கழற்றிக்கொண்டு எங்கோ போனான். அவன் கழற்றியதும் பதினேழிலிருந்து என் முகவரியும் காணோம். இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

மார்ச் 7, வெள்ளி

மேனேஜரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். மாலையே அவன் பாஸ்வேர்டை முடக்கி, விசாரணை முடியும்வரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள்.

லிஃப்ட் வாசலில் எதிரே வந்தான். "என்ன விஷயம்னே சொல்ல மாட்டேங்கறாங்கக்கா. நீங்க கொஞ்சம் கேட்டுச் சொல்றீங்களா?"

தலையை ஆட்டினேன். என்ன நடிப்பு!

மார்ச் 9, ஞாயிறு

நிம்மதியாக இருக்க வேண்டிய நாள். இல்லை. ஏன்?

மார்ச் 10, திங்கள்

எங்கள் லேப்டாப்பில் நெட்வொர்க் வயரை நேராகச் செருக இடமில்லை, நடுவில் ஒரு குட்டி அடாப்டர் வேண்டும். ஆபீசில் எல்லாருக்கும் ஒரே மாதிரி, கறுப்பு. இன்று என்னுடையது கை பட்டுக் கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தால், முதுகில் அதன் முகவரி அச்சிட்டிருக்கிறது.

என்னுடையது இல்லை.

சுவிட்சுக்குத் தெரியறது லேப்டாப் இல்லையே, அடாப்டர்தானே! இது எனக்குத் தெரியாதா? பத்து வருஷமா இதைத்தானே பண்றேன்!

முதல் மாடி பட்டியலைத் திறந்தேன். ஐந்தாம் போர்ட், என் மேசை. அங்கே அவன் முகவரி. ஒரு வாரமாக அங்கேயே இருந்திருக்கிறது. என்னுடையது எங்கே போனது என்று தேடினேனே தவிர, என் இடத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. அன்று வயர் சுருட்டியபோது இரண்டும் மாறியிருக்கிறது. அவ்வளவுதான். பாவி நான், அவ்வளவேதான்.

மார்ச் 11, செவ்வாய்

மேனேஜரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். "புகார் குடுத்தது யாருன்னு அவர் கேட்டா சொல்லித்தானே ஆகணும்" என்றார்.

"சொல்லுங்க சார்" என்றேன். வெட்கமாக இருந்தது.

மார்ச் 13, வியாழன்

வந்துவிட்டான். நான் போவதற்கு முன்பே என் அடாப்டரை என் மேசையில் வைத்திருந்தான், வயரை எப்போதும்போல் அழகாகச் சுருட்டி. இனி மாறிவிடக் கூடாதென்று மேலே வெள்ளை டேப் ஒட்டி, யாருடையது என்று எழுதியிருந்தான்.

'மேடம்' என்று.