டீலர் இல்லாத கிரைண்டர்கள்

அக்கா,

இன்று காலை கணபதி ஸ்டாப்பில் டவுன் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். பின்னால் ஒரு வைண்டிங் கடை. சுற்றி முடித்த மோட்டார் காயிலுக்கு வார்னிஷ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியது. பஸ் வந்தது, நான் ஏறவில்லை. நம் கிரைண்டர் கம்பெனி சர்வீஸ் செக்‌ஷன் ஜன்னல் அசெம்பிளி ஷெட்டைப் பார்த்துத் திறந்திருந்ததால் நாள் முழுக்க அந்த வாடையிலேயே உட்கார்ந்திருந்தோம், நீங்களும் நானும். தலை வலிக்கிறது என்று நான் புலம்புவேன். "வாடைக்கும் சேத்தித்தான் சம்பளம் தர்றாங்க அம்மணி" என்பீர்கள்.

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. பதில் வராது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். நம் மேனேஜருக்கு அனுப்பிய மெயில்களுக்கும் பதில் வந்ததில்லை, அதனால் எனக்கு இது பழகிய வேலைதான்.

அந்தச் சனிக்கிழமையைப் பற்றி நாம் பிறகு உட்கார்ந்து பேசவே இல்லை. அப்போது கம்பெனியில் புது சாஃப்ட்வேர் வந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. பழையதில் பொத்தானை அமுக்கினால் ரிப்போர்ட் வந்து விழும். புதியதில் பொத்தான்கள் எல்லாம் பிறகு வரும் என்று சொல்லிவிட்டார்கள். அதுவரை எது வேண்டுமானாலும் டேட்டாபேஸிடம் நாமே எழுதிக் கேட்க வேண்டும். அப்படி எழுதும் கேள்விக்குக் குவெரி என்று பெயர். அதைச் சொல்லிக்கொடுக்க பெங்களூரிலிருந்து ஒருவர் வந்தார், இரண்டு காலை வேளைகள் பாடம் எடுத்தார், "எல்லாம் ஈஸிதான் மேடம்" என்று சிரித்துவிட்டுப் போனார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு கமா விட்டுப்போனால் அந்தத் திரை சிவப்பு எழுத்தில் திட்டும். "மாமியாராட்டமே பேசுது பாரு" என்றீர்கள். கல்யாணமே பண்ணிக்கொள்ளாத உங்களுக்கு மாமியார் பேச்சு எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, "தினமும் உன்ற கதையக் கேக்கறனில்ல?" என்றீர்கள்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கெல்லாம் பொள்ளாச்சியிலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டார். கிரைண்டர் டிரம்மைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது என்றார். அசெம்பிளி சூப்பர்வைசர் ஷெட்டில் விற்காமல் இருந்த, அந்த அம்மாவுடையதோடு ஒன்றாகச் செய்த அதே லாட் மெஷின்களைக் கழற்றிப் பார்த்தார். எர்த் ஒயரைப் பெயின்ட்டின் மேலேயே திருகி வைத்திருந்தார்கள். பெயின்ட் வழியாகக் கரண்ட் பூமிக்கு இறங்காது. உள்ளே எங்காவது கசிந்தால் தொடுகிற கைக்குத்தான் வரும், அதுவும் மாவு ஆட்டுகிற ஈரக் கைக்கு. மேனேஜர் நம் அறைக்கு ஓடி வந்தார். "அந்த லாட் மெஷின் ஒவ்வொண்ணும் யார் ஊட்ல இருக்குதுன்னு எடுங்க. இன்னிக்குச் சனிக்கெழமை, அல்லாரும் மாவாட்டற நாளு" என்றார். பெங்களூர்க்காரர் போனை எடுக்கவில்லை. அவருக்குச் சனிக்கிழமை விடுமுறை.

கேள்வியை நாம் இருவரும் சேர்ந்துதான் எழுதினோம். விற்பனை டேபிள் என்கிற அட்டவணையில் மெஷின் நம்பர், வாங்கியவர் பெயர், டீலர் நம்பர் இருக்கும். டீலரின் கடைப் பெயரும் போனும் வேறொரு டேபிளில் இருக்கும். இரண்டையும் டீலர் நம்பரை வைத்து இணைக்க வேண்டும். அதை ஜாயின் என்பார்கள். எத்தனையோ சிவப்புத் திட்டுகளுக்குப் பிறகு பட்டியல் வந்தது. ஈரோடு, கரூர், உடுமலை என்று கடை கடையாகக் கூப்பிட்டோம். அவர்கள் தங்களிடம் வாங்கியவர்களைக் கூப்பிட்டார்கள். மதியத்துக்குள் கடைசி டீலரும் "சொல்லிப்போட்டமுங்க" என்றதும் நான் செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

நீங்கள் மட்டும் அந்தப் பட்டியலை மேலும் கீழும் உருட்டிக்கொண்டே இருந்தீர்கள்.

"அம்மணி, உன்ற தங்கச்சிக்குச் சீர் குடுத்த கிரைண்டரு இதுல எங்க?"

தை மாதம் என் தங்கையின் கல்யாணம். பவானியில் கொடுத்திருந்தோம். சீர்வரிசைக்குக் கிரைண்டரை நம் கம்பெனி கேட்டிலேயே வாங்கி டெம்போவில் ஏற்றினோம். அந்த லாட் விற்பனைக்குப் போன மாதமும் அதுதான். பட்டியலில் அப்பா பெயர் இல்லை.

"நீ தங்கச்சியக் கூப்புடு. நான் இதப் பாக்கறேன்" என்றீர்கள்.

கூப்பிட்டேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி கூப்பிட்டேன். பக்கத்தில் நீங்கள் வாய்க்குள் பேசிக்கொண்டே தட்டிக்கொண்டிருந்தீர்கள். பழைய சாஃப்ட்வேரில் கம்பெனி வாசலில் விற்பதற்கென்றே 'கேட் சேல்' என்று ஒரு பொய் டீலர் இருந்தார். புதியதில் அவரை எடுத்துவிட்டு டீலர் நம்பரைக் காலியாக விட்டிருந்தார்கள். காலி நம்பர் எந்த டீலரோடும் பொருந்தாது. பொருந்தாத வரிகளை ஜாயின் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் தள்ளிவிட்டிருந்தது. கமா இல்லாததற்கு அத்தனை திட்டு திட்டியது, இதற்கு வாயே திறக்கவில்லை.

டீலர் நம்பர் காலிக்குச் சமமான வரிகளைக் கொடு என்று எழுதினீர்கள். ஒரு வரிகூட வரவில்லை.

"அப்படீன்னா கேட் சேலே ஒண்ணும் இல்லீங்கக்கா. தங்கச்சிது வேற லாட்டா இருக்கும்" என்றேன். அப்படி இருந்துவிட வேண்டும் என்று இருந்தது எனக்கு.

"ஒண்ணுமே இல்லீங்குது பாரு, அதுதான் எனக்குப் பயமா இருக்குது. வித்தது நமக்குத் தெரியும். அதுக்குத் தெரியலீன்னா நாம கேட்டது தப்பு."

அப்போது போனை எடுத்தார்கள். தங்கையின் மாமியார்.

"வா கண்ணு, சௌக்கியமா? அவ மெஷின்கிட்ட இருக்கறா, கையெல்லாம் மாவு. கரண்ட்டு போயிருச்சு பாத்துக்க, கையை உட்டுத் தள்ளிட்டு இருக்கறா. கரண்ட்டு வந்துட்டா ஓடீரும்."

"அத்தை, சுவிட்ச் போட்டாப்பலயே இருக்குதுங்களா?"

"அதைய எதுக்கு அணைக்கோணும்? வந்துருமல்லொ இப்ப."

"ப்ளக்கப் புடுங்கச் சொல்லுங்க அத்தை. அந்த மெஷின் வேண்டாமுங்க. நாங்க எடுத்துக்கறமுங்க."

அத்தை குரலை இறக்கி, "ஏங்கண்ணு, குடுத்த சீரைத் திருப்பிக் கேக்கறீங்களா?" என்றார்.

"அதில்லீங்க அத்தை" என்று இழுத்தேன். கரண்ட் எந்த நொடியிலும் வரும், இவரோ மானக்கேட்டில் நிற்கிறார், சம்பந்தி வீட்டில் நான் கத்தவும் முடியாது. நீங்கள் என் கையிலிருந்து போனைப் பிடுங்கினீர்கள்.

"ஏனுங்கம்மா, நான் கம்பெனியில இருந்து பேசறேனுங்க. மெஷினை நாங்கதான் தப்பாச் செஞ்சுபோட்டமுங்க, ஷாக் அடிக்குமுங்க. பொண்ணூட்டுக்காரங்க மேல ஒண்ணுமில்லீங்க, கெட்ட பேரு எங்களுக்கே இருக்கட்டுமுங்க. உங்க மருமகளைக் கையை எடுக்கச் சொல்லிப்போட்டு, ப்ளக்கைப் புடுங்கிட்டு வந்து சொல்லுங்க. நான் லைன்லயே இருக்கறேனுங்க."

செருப்புச் சத்தம் தூரம் போனது. ஸ்பீக்கரைப் போட்டீர்கள். நாம் இருவரும் அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். தூரத்தில் ஏதோ பேச்சு. பாத்திரம் உருளுகிற சத்தம். அப்புறம் தங்கையின் குரல்: "புடுங்கிட்டனக்கா, என்னாச்சு?" அவள் கேட்டு முடிப்பதற்குள் அந்த வீட்டு டி.வி. திடீரென்று பாட ஆரம்பித்தது. கரண்ட் வந்துவிட்டது.

நான் அழுதேனா சிரித்தேனா என்று நினைவில்லை. டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று கேன்டீனுக்குப் போய்விட்டேன். உங்களுக்கு ஒரு டம்ளர் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தபோது திரையில் வரி வரியாகப் பெயர்கள் நின்றன. நீங்கள் பிடித்துவிட்டீர்கள். அந்த டேட்டாபேஸுக்குக் காலி என்பது எதற்கும் சமமில்லை, இன்னொரு காலிக்கும் சமமில்லை. சமமா என்று கேட்டால் ஒன்றும் வராது, காலியாக இருக்கிறதா என்றுதான் கேட்க வேண்டும். டீலர் பொருந்தாவிட்டாலும் வரியைத் தள்ளாமல் வைத்துக்கொள்கிற ஜாயின் ஒன்றும் இருந்தது. "இருக்கறவங்களை மட்டும் காட்டுன்னு கேட்டா அது இருக்கறவங்களை மட்டுந்தான் காட்டும். அது மேல என்ன தப்பு?" என்றீர்கள். டீயைத் தொடவே இல்லை.

பட்டியலை இரண்டாகக் கிழித்து மேல் பாதியை எனக்குத் தந்தீர்கள்.

என் பாதி முழுக்கக் கல்யாண வீட்டுக்காரர்கள். அங்கேதான் அடுத்த முட்டுக்கட்டை. பில் பெண்ணைப் பெற்றவர் பெயரில் இருக்கிறது, மெஷின் மாப்பிள்ளை வீட்டில் இருக்கிறது. நம் டேட்டாபேஸுக்கு அந்த இரண்டாவது வீடே தெரியாது. அன்னூர்க்காரர் ஒருவரிடம் விஷயத்தைச் சொன்னேன். வெகுநேரம் இருமினார். "நீங்க சொல்றது செரிதானுங்க. ஆனா புதுசா சம்பந்தம் பண்ணியிருக்கறம். நல்ல நாளாப் பாத்து நானே பக்குவமாச் சொல்லிக்கறேனுங்க" என்றார். நான் உங்களைத் திரும்பிப் பார்த்தேன். நீங்கள் உங்கள் போனைப் பொத்திக்கொண்டு சொன்னீர்கள்: "மாப்பிள்ளை ஊட்டு நம்பரை மட்டும் வாங்கு. கெட்ட பேரை நாம வாங்கிக்கலாம்."

சாயங்காலம் வரை அதையே சொன்னேன். நம்பரைக் குடுங்க, கெட்ட பேரை நாங்க வாங்கிக்கறோம். கொடுத்தார்கள், ஒருவர் விடாமல் கொடுத்தார்கள். பெற்ற மகள் உயிரைவிடவும் சம்பந்தி வீட்டுப் பேச்சு அவர்களுக்குப் பெரிதாக இருந்தது என்று அன்றைக்கு எனக்கு ஆத்திரம் வந்தது. கரண்ட் வருவதற்கு முன்னால் அந்த அத்தையிடம் நானும்தானே தடுமாறி நின்றேன் என்பது பிறகுதான் உறைத்தது. கடைசியாக அந்தியூர்ப் பக்கம் ஒரு வீடு எடுக்கவே இல்லை. நம் ஏரியா மெக்கானிக்கைப் பைக்கில் அனுப்பினீர்கள். அவர் போய் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டுக் கூப்பிடும்போது வெயில் தாழ்ந்திருந்தது.

உடனே பையை எடுத்துக்கொண்டு ஓடினீர்கள். காந்திபுரம் வரைக்கும் சேர்ந்து போவதுதான் வழக்கம். "நீ வா, நான் முன்னால போறேன்" என்று படியிலேயே கத்திவிட்டு ஆட்டோ பிடித்தீர்கள். ஆட்டோவுக்குக் காசு செலவழிக்காத மனுஷி. நாள் முழுக்க உடன் உழைத்தவளை அம்போவென்று விட்டுவிட்டாரே என்று எனக்குக் கோபம். திங்கட்கிழமை பாதி நாள் உங்களோடு பேசவில்லை.

அப்புறம் எத்தனையோ குவெரி எழுதினோம். அப்புறம் உங்களுக்கு மஞ்சள் காமாலை என்றார்கள், ஈரல் என்றார்கள், ஒரு மழைக்காலத்துக்குள் எல்லாம் முடிந்தது.

கல்லறையிலிருந்து திரும்பி உங்கள் வீட்டுக்குப் போனோம். நீங்களும் உங்கள் அம்மாவும் மட்டுமே இருந்த வீடு. ஜெபம் முடிந்து எல்லாரும் போன பிறகு அம்மாவுக்குக் கஞ்சி வைக்கலாம் என்று சமையலறைக்குள் போனேன். நம் கம்பெனி கிரைண்டர் இருந்தது. நம்பரைப் பார்ப்பது தொழில் புத்தி. அந்த லாட்டுக்குப் பதிலாக மாற்றிக் கொடுத்த மெஷின்களுக்கென்று தனியாக ஒரு வரிசை நம்பர் போட்டோமே, அந்த வரிசை.

"இது மாத்திக் குடுத்ததுங்களாம்மா?" என்று கேட்டேன்.

"ஆமாங்கண்ணு. ஸ்டாஃப் வெலைக்கு இதுக்கு முன்னால ஒண்ணு வாங்கியாந்திருந்தா. அன்னிக்கு நான் மாவாட்டிட்டு இருக்கறேன், கையில சுருக்கு சுருக்குன்னுச்சு. எனக்கு வாதம் வந்துருச்சுன்னு நெனச்சுப்போட்டேன். ஆட்டி முடிச்சு, வழிச்சு, கழுவியும் வெச்சுட்டேன். பொழுது எறங்க ஓடியாந்தா. வந்தவ என்னையக் கட்டிப் புடிச்சுட்டு உடவே இல்ல."

"உங்களுக்குப் போன் பண்ணலீங்களா?"

"நானும் அதத்தான் கேட்டேன். 'உங்கொரலக் கேட்டா எனக்கு உசுரு வந்துரும்மா. எனக்கு உசுரு வந்துட்டா, அப்புறம் மத்தவங்களுக்குப் போன் பண்ணக் கை ஓடாது'ன்னா. பைத்தியக்காரி."

அந்தப் பட்டியலில் நீங்கள் முதலில் தேடியது என் தங்கையை அல்ல. உங்கள் வீட்டு மெஷினைத் தேடியிருக்கிறீர்கள், காணவில்லை, அதை வைத்துத்தான் கேள்வி தப்பு என்று கண்டுபிடித்திருக்கிறீர்கள். ஆனால் என்னிடம் கேட்டது தங்கையைப் பற்றி. உங்கள் பெயர் இருந்த கீழ்ப் பாதியை நீங்களே வைத்துக்கொண்டீர்கள்.

எனக்கு உங்கள் மேல் கோபம் அக்கா. இன்னும் தீரவில்லை. அந்த வயதில் அம்மாவின் கைக்குள் கரண்ட் ஏறிக்கொண்டிருந்தபோது நீங்கள் யார் யார் வீடுகளையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். ஒரு நிமிடம். ஒரே ஒரு நிமிடம் போதும். அம்மாவுக்கு ஏதாவது ஆகியிருந்தால் உங்களை யார் மன்னித்திருப்பார்கள்? நீங்களே மன்னித்திருப்பீர்களா? இப்படியெல்லாம் உங்களோடு மனத்துக்குள் சண்டை போடுவேன். ஆனால் சண்டையில் நான் ஜெயிக்கிற நேரமெல்லாம் தங்கையின் குரலைக் கேட்டதும் டீ குடிக்கப் போனவள் நான் என்பது நினைவுக்கு வந்துவிடும்.

போன மாதம் இன்னொரு லாட்டில் சுவிட்ச் சூடாகிறது என்று புகார் வந்தது. குவெரியை எழுதினேன். கேட் சேல், ஸ்டாஃப், காலி எல்லாம் விடாமல் கேட்டேன். பட்டியல் வந்தது. உங்கள் வீட்டில் இருப்பது அந்த லாட் இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் முதல் போன் உங்கள் அம்மாவுக்குத்தான் போட்டேன்.

"ஏங்கண்ணு, இந்நேரத்துல?"

"சும்மாதானுங்கம்மா. மாவாட்டறீங்களா?"

"இல்ல கண்ணு, கடை மாவு வாங்கிப்போட்டேன்."

"செரிங்கம்மா, சாயங்காலம் வாரேன்" என்று வைத்துவிட்டு, நாற்காலியில் உட்காராமலே அடுத்த நம்பரை அழுத்தினேன்.