கழன்று கிடந்த கம்பி

என் சிடுமூஞ்சிக்கு,

நேற்று எங்கள் ஆய்வகத்தில், குளிர்வித்துச் சோதிக்கும் பொருளின் மின்தடை பூஜ்யத்துக்கு இறங்கியது. அதுவும் நாங்கள் எதிர்பார்த்த அளவுக்குக் குளிர்விப்பதற்கு முன்பே. பக்கத்து மேஜைக்காரி, "ஸ்வீட் வாங்கிட்டு வரட்டுமா?" என்று கிளம்பிவிட்டாள்.

ஒன்றையொன்று கண்டாலே விலகும் எலெக்ட்ரான்கள், குளிர்வித்தால் இந்தப் பொருளுக்குள் ஜோடி சேர்ந்து எதிலும் இடிபடாமல் ஓடும். ஏன் சேர்கின்றன என்பதில் எங்களுக்குள்ளேயே இன்னும் தகராறுதான். முன்பெல்லாம் இதைச் சொன்னால், "என்னமோ நீயே பொண்ணு பாத்துக் கட்டிவெச்ச மாதிரி பேசற" என்பீர்கள்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. குளிர்கலனைத் திறந்து பார்த்தேன். மின்சாரம் அனுப்பும் கம்பியே கழன்று கிடந்தது. உள்ளே எதுவும் ஓடவில்லை. ஓடாத இடத்தில் தடை எப்படித் தெரியும்?

நீங்கள் வேலை மாற்றிக்கொண்டு வேறு ஊருக்குப் போனதிலிருந்து நமக்குள் ஒரு சண்டைகூட இல்லை என்று அம்மா எல்லோரிடமும் பெருமையடிக்கிறாள். தினமும் போனில், "சாப்ட்டியா?" "ம்." "சரி, வெச்சிடறேன்." அவ்வளவுதானே.

கம்பியை வெள்ளிப் பசை வைத்து ஒட்டியிருக்கிறேன். காய வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். குளியலறைக் குழாயை நான் ஒருநாளும் சரியாக மூடுவதில்லை என்று வந்ததும் கத்துங்கள். நானும் சும்மா விடமாட்டேன்.

உங்கள் வாயாடி