எந்தப் பக்கம் வைத்தாலும்

அன்புள்ள மச்சானுக்கு,

உன் தங்கையும் நானும் இங்கே சுகமாகத்தான் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்பது அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை நீ போன் பண்ணும்போதெல்லாம் நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். போன் என் கைக்கு வந்ததும் லைன் போய்விடுகிறது. எட்டு மாதமாக உன் ஊர் டவருக்கு என் குரல் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அதனால்தான் பேனாவைப் பிடித்திருக்கிறேன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் நீயும் தலையைச் சாய்த்துக்கொண்டு படி.

விஷயத்துக்கு வருகிறேன். இத்தனை வருஷம் நாம் சேர்ந்து காவல் காத்த நம் பேங்க்குக்குப் புதிதாக ஒரு காவல் அதிகாரி வந்திருக்கிறார். கழுத்தில் எந்நேரமும் விசில் தொங்குவதால் நான் அவருக்கு விசில் என்றே பேர் வைத்துவிட்டேன். போன வாரம் என்னைக் கூப்பிட்டுத் துப்பாக்கியை நிரப்பிக் காட்டச் சொன்னார். நீ மாற்றலாகிக் கிளம்பிப் போன அடுத்த வாரம் நடக்க வேண்டிய வருஷச் சோதனைதான். பழைய அதிகாரி ஓய்வு பெற்றதால் தள்ளித் தள்ளிப் போய், இப்போது என் தலையில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

உனக்குத் தெரிந்ததையே சொல்கிறேன். எங்கே தப்பு என்று நீதான் கண்டுபிடிக்க வேண்டும். டம்மித் தோட்டா பத்து கொடுத்தார்கள், விலாவில் ஓட்டை போட்டது, மருந்து இல்லாதது. தகரக் கிளிப் இரண்டு. ஒவ்வொன்றிலும் ஐந்தைக் கோத்தேன். நம் கிழட்டுப் பட்டாளத்துத் துப்பாக்கியின் போல்ட் தாழ்ப்பாளைப் பின்னால் இழுத்துத் திறந்து, கிளிப்பை மேலே உள்ள பள்ளத்தில் நிறுத்தி, கட்டைவிரலால் அழுத்தினேன். ஐந்தும் தோட்டாப் பெட்டிக்குள் சறுக்கி இறங்கின. காலிக் கிளிப்பை எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த ஐந்தையும் இறக்கினேன். போல்ட்டை முன்னும் பின்னுமாகத் தள்ளினேன். ஒவ்வொன்றாகக் குழலுக்குள் போய்ப் பத்தும் வெளியே வந்தன. விசில் தலையை ஆட்டினார். எனக்கும் மீசை கொஞ்சம் நிமிர்ந்தது.

இன்னொரு தடவை என்றார். அதே தோட்டாவைப் பொறுக்கி, அதே மாதிரி கோத்து, அதே மாதிரி அழுத்தினேன். போல்ட்டைத் தள்ளினால் பாதி வழியில் நின்றுவிட்டது. மேலே இருந்த தோட்டாவின் அடி விளிம்பு, கீழே இருந்ததன் விளிம்புக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, பஸ் படியில் ஒரே நேரத்தில் இறங்கப் பார்க்கும் இரண்டு குண்டு ஆசாமிகள் மாதிரி முட்டிக்கொண்டு நின்றன. மூன்றாவது தடவையும் அப்படியே. நான்காவது தடவை ஒன்றுமே நடக்காதது போல ஓடியது. ஒரே துப்பாக்கி, ஒரே தோட்டா, ஒரே ஆள். ஒரு தடவை சிரிக்கிறது, ஒரு தடவை முறைக்கிறது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

எத்தனை வருஷ சர்வீஸ் என்று விசில் கேட்டார். பத்தொன்பது வருஷம் சார், இதுவரைக்கும் ரெண்டே தடவைதான் சிக்கியிருக்கு, ரெண்டையும் நீங்களே பாத்துட்டீங்க என்றேன். மனுஷன் சிரிக்கவில்லை. பதினான்காம் தேதி மறுபடி சோதனையாம். அன்றைக்கும் சிக்கினால் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு, பின்வாசலில் வண்டி நம்பர் எழுத உட்கார வைத்துவிடுவார்களாம். நான் நம்பர் எழுதினால் இந்த ஊரில் ஒரு வண்டியும் பிடிபடாது. அது எனக்கும் உனக்கும் தெரியும், விசிலுக்குத் தெரியாது.

துப்பாக்கி ரிப்பேர் பார்ப்பவரிடம் கொண்டுபோனேன். தோட்டாப் பெட்டியைக் கழற்றி, ஸ்பிரிங்கை அழுத்தி, உள்ளே விளக்கடித்துப் பார்த்தார். துப்பாக்கிக்கு ஒண்ணும் இல்லப்பா என்று சொல்லிவிட்டு என்னையே ரொம்ப நேரம் பார்த்தார்.

வீட்டில் வந்து புலம்பினேன். உன் தங்கை துணி மடித்துக்கொண்டே, இத்தன வருஷம் யாரு நிரப்புனா என்று கேட்டாள். அப்போதுதான் உறைத்தது மச்சான். இந்தச் சோதனை வரைக்கும் நான் ஒரு கிளிப்பைக்கூட நிரப்பியதில்லை. டம்மியோ நிஜமோ, நீ கோத்து வைப்பாய், நான் வந்து அழுத்துவேன். உன் கை எப்படிப் போகும் என்று ஒரு நாள்கூடக் குனிந்து பார்த்ததில்லை. ஆகவே நீ எப்படிக் கோப்பாய் என்பதை ஒரு தாளில் எழுதி அனுப்பு. நான் படிக்கட்டு மாதிரி, ஒன்றுக்குமேல் ஒன்றாக, எல்லா விளிம்பும் ஒரே பக்கம் ஏறுகிற மாதிரி அழகாகத்தான் அடுக்குகிறேன்.

இன்னொன்றும் புரியவில்லை. உன் வழியனுப்பு விழாவில் நான் மைக்கைப் பிடித்துச் சொன்னேனே, இவன் பத்தொம்பது வருஷமா ஒரு குண்டு சுடல, அடுக்குனான், எடுத்தான், மறுபடி அடுக்குனான், வளையல் கடை வச்சிருந்தா முதலாளி ஆகியிருப்பான் என்று. எல்லாரும் சிரித்தார்கள், நீயும் சிரித்தாய். அப்புறம் கேக்கைப் பாதியில் வைத்துவிட்டு எங்கேயோ போய்விட்டாய். அதே மாதிரிதானே தினமும் உன்னைக் கிண்டல் பண்ணினேன். அன்றைக்கு மட்டும் ஏன்? உன் தங்கையிடம் கேட்டால், நீங்க எத்தன குண்டு சுட்டீங்க என்று திருப்பிக் கேட்கிறாள். நானும் ஒன்றும் சுட்டதில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

அங்கே குளிர் அதிகமாம். காதை மூடிக்கொண்டு வெளியே போ.

இப்படிக்கு,
லைன் கிடைக்காத உன் மச்சான்.

*

அன்புள்ள மச்சானுக்கு,

உன் பதில் வரவில்லை. தபால்காரர் என்னைக் கண்டாலே சைக்கிளை எதிர்ப்பக்கம் ஓட்டுகிறார். பரவாயில்லை, பதினான்காம் தேதி முடிந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

பதிமூன்றாம் தேதி மத்தியானம், காவல் அறையில் உன் பழைய பெட்டியைத் திறந்தேன். சாவி அதே ஆணியில்தான் தொங்குகிறது. நீ போனதிலிருந்து அந்தப் பக்கமே நான் போகவில்லை. ஏன் என்று கேட்காதே. உள்ளே பாலிஷ் டப்பா, எண்ணெய்த் துணி, அடியில் ஒரு சின்னப் பொட்டலம். பிரித்தால் நிரப்பி வைத்த டம்மிக் கிளிப் ஒன்று. ஐந்து தோட்டா.

அதைப் பார்த்ததும் என் படிக்கட்டின் லட்சணம் தெரிந்துவிட்டது. உன்னுடையதில் ஒரு விளிம்பு உள்ளே, அடுத்தது வெளியே, அடுத்தது உள்ளே என்று மாறி மாறி இருந்தது. கிளிப்பைத் தலைகீழாகத் திருப்பினேன். அப்போதும் உள்ளே, வெளியே, உள்ளே. என்னுடையதைத் திருப்பினால் ஏறுகிற படி இறங்குகிற படியாகிவிடுகிறது. தகரத்தில் தலை எது வால் எது என்று குறியும் கிடையாது. நேராக வைத்த தடவை ஓடியிருக்கிறது, தலைகீழாக வைத்த தடவை சிக்கியிருக்கிறது. உன்னுடையது எந்தப் பக்கம் வைத்தாலும் ஓடும். என்னைப் போல ஒருத்தன் பார்க்காமல்தான் எடுத்து வைப்பான் என்று தெரிந்து கோத்தது மாதிரி இருக்கிறது. ஆனால் ஒன்று. மேல் விளிம்பு பின்னால் போனால் மாட்டும் என்ற என் கணக்குப்படி உன்னுடையதிலும் ஒன்றிரண்டு மாட்ட வேண்டும். ஏன் மாட்டுவதில்லை என்று இன்னும் விளங்கவில்லை.

உன்னைப் பார்த்து நானும் ஒன்று கோத்துக்கொண்டேன். சோதனையில் முதலில் உன்னுடையதை இறக்கினேன், அதன்மேல் என்னுடையதை. என் ஐந்தும் போயின. கீழே உன் ஐந்தும் போயின. விசில் கையெழுத்துப் போட்டுவிட்டு, யாருகிட்ட கத்துக்கிட்டீங்க என்று கேட்டார். எங்க மச்சான்கிட்ட என்று மட்டும் சொன்னேன்.

அந்தப் பொட்டலத்துத் தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது உன் விழாவில் கேக் வைத்துக் கொடுத்த தாள், மச்சான். ஓரத்தில் கிரீம் காய்ந்து ஒட்டியிருந்தது. அப்படியென்றால் கேக்கைப் பாதியில் வைத்துவிட்டு நீ போனது இந்த அறைக்குத்தான். அடுத்த வாரம் எனக்குச் சோதனை என்று உனக்குத் தெரியும். மைக்கில் நான் அப்படிப் பேசிய பிறகு வந்து உட்கார்ந்து எனக்காக ஐந்தையும் கோத்திருக்கிறாய். கோபத்தோடு கோத்தாயா, கோபம் இல்லாமல் கோத்தாயா? கோபம் இல்லையென்றால் எட்டு மாதம் ஏன் பேசவில்லை? கோபமென்றால் ஏன் கோத்தாய்? திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், தலை எது வால் எது என்று தெரியவில்லை. நான் சொன்ன பேச்சைத் திருப்பிப் பார்த்தால் மட்டும் தெரிகிறது. அது ஒரு பக்கம் வைத்தால்தான் ஓடும் பேச்சு. அன்றைக்கு நான் தலைகீழாக வைத்துவிட்டேன்.

ஒரு வருத்தம் இருக்கிறது. சோதனை முடிந்ததும் பத்து தோட்டாவும் தரையில் கலந்து கிடந்தன. உன்னுடைய ஐந்து எவை என்று பிரித்தெடுக்கப் பார்த்தேன், முடியவில்லை. என் கிளிப்பை மறுபடி நிரப்பிவிட்டேன். உன்னுடையதை நிரப்பவில்லை. மீதி ஐந்தையும் உன் காலிக் கிளிப்பையும் அதே தாளில் சுற்றி உன் பெட்டியில் வைத்திருக்கிறேன். சாவி அதே ஆணியில் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை போனை நான்தான் எடுப்பேன். லைன் போனால் மறுபடி கூப்பிடு. நல்லபடியாக இரு மச்சான், லீவு கிடைத்ததும் வந்து அதை நிரப்பிக் கொடு.

இப்படிக்கு,
ஒரு குண்டும் சுடாத இன்னொருவன்.